விருந்தாளிக்குக் கொடுத்த தண்ணீர்

அந்தப் போத்தல் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வெள்ளை நிறம், அகன்ற வாய், நீல மூடி. வயிற்றில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. அதில் எங்கள் பெயர் இல்லை, ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் மட்டும்.

அதை நீட்டிக்கொண்டு எங்கள் படலையடியில் நின்றவன் நிரோஜன். பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவன். எங்கள் நாய்க்குப் பயந்து ஒரு கால் ஒழுங்கையிலும் ஒரு கால் படலைக்கு உள்ளேயுமாக நின்றான்.

"அக்கா, ஒரு போத்தல் கிணத்துத் தண்ணி எடுக்கவேணும். போன கிழமை வந்து சொன்னனாங்கள்."

"ஓம் தம்பி, வாங்கோ. நாய் கடிக்காது."

"எல்லா வீட்டிலையும் அப்பிடித்தான் அக்கா சொல்லுறவை."

சுன்னாகத்தைச் சுற்றியுள்ள வெங்காயக் கிராமங்களில் எங்களுடையதும் ஒன்று. தோட்டத்துக்குப் போடும் பசளை மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளில் சேர்கிறதா என்று பார்க்கிறார்கள் என்றும், கைக்குழந்தை இருக்கும் வீடுகளை முதலில் பார்க்கிறார்கள் என்றும் போன கிழமை விளங்கப்படுத்தியிருந்தான். நானும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். என் மகளுக்கு அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது. என்னிடம் பால் போதாமல் பால்மா கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குற்ற உணர்வைப் பற்றி இந்தத் தொடரில் வேண்டிய அளவு புலம்பிவிட்டேன், இன்று விட்டுவிடுகிறேன்.

நிரோஜன் துணிந்து மற்றக் காலையும் உள்ளே வைத்தான். அந்த நேரம் பார்த்துக் கிணற்றடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆரடி உது? நான் முழுகிறன். ஒருத்தரும் இஞ்சாலை வரக்கூடாது!"

வதனி மச்சாள். என் கணவரின் அக்கா. ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. வெள்ளிக்கிழமை மச்சாள் தலை முழுகத் தொடங்கினால் எண்ணெய், அரப்பு, சாம்பிராணி என்று மதியம் தாண்டும். பெண் குளிக்கும் கிணற்றடிக்கு ஓர் இளம்பொடியன் எப்படிப் போவான்? அவன் முகத்தை ஒழுங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டான். காது சிவந்துவிட்டது.

"எவ்வளவு நேரம் செல்லும் அக்கா?"

"அது வெள்ளிக்கிழமை முழுக்கு, தம்பி."

அவனுக்கு அன்றைக்கு இன்னும் பல வீடுகள் இருந்தன. வெயில் வேறு. எனக்குப் பாவமாக இருந்தது.

"தாங்கோ, நான் நிரப்பித் தாறன்."

ஒரு கணம் தயங்கினான். பிறகு போத்தலைத் தந்தான்.

இரண்டு குடங்கள்

எங்கள் குசினியில் இரண்டு குடங்கள் இருக்கும். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். மற்றதில் பிள்ளையார் கோயிலடிக் கிணற்றுத் தண்ணீர்.

எங்கள் பகுதியில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். தேநீர் ஊற்றினால் மேலே மெல்லிய ஆடை ஒன்று மிதக்கும், ருசியும் மட்டு. நாங்கள் அதைத்தான் குடிக்கிறோம். ஆனால் ஒருவர் வீட்டுக்கு வந்தால் அதில் தேநீர் போட்டுக் கொடுக்க மனம் வராது. அதற்காகவே என் கணவர் இரண்டு நாளுக்கு ஒருமுறை கோயிலடியிலிருந்து ஒரு கான் தண்ணீர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வைப்பார். நல்ல கோப்பைகளை அலுமாரியில் வைத்திருப்பதுபோல அந்தக் குடத்தையும் மூடி வைத்திருப்போம்.

என் கை அந்தக் குடத்துக்குப் போயிற்று.

யோசித்துச் செய்தேனா என்று கேட்டால், இல்லை. யோசிக்காமல் செய்தேனா என்று கேட்டால், அதுவும் முழு உண்மை இல்லை. "நாலு பேர் பார்க்கப் போகிற தண்ணீர்" என்று ஒரு நினைப்பு எங்கோ ஓரத்தில் ஓடியது. ஒரு குவளையால் அள்ளிப் போத்தலை நிரப்பி, வெளியே ஈரத்தைத் துடைத்து, மூடியை இறுக்கிக் கொடுத்தேன். அதே குடத்திலிருந்து அவனுக்குத் தேநீரும் போட்டுக் கொடுத்தேன்.

"நல்ல தேத்தண்ணி அக்கா" என்றான்.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அதை மறந்தேபோனேன்.

தங்கக் கிணறு

சில கிழமைகளுக்குப் பிறகு நிரோஜன் ஒரு கடித உறையோடு வந்தான். உள்ளே இரண்டு தாள்கள். ஒன்றில் எங்கள் கிணற்றின் இலக்கத்தைப் போட்டு, இந்த நீர் கைக்குழந்தைகள் உட்பட எல்லோரும் குடிக்க ஏற்றது என்று எழுதியிருந்தது. மற்றது ஒரு துண்டுப்பிரசுரம்.

முதல் தாளை என் கணவர் இரண்டு தரம் வாசித்தார். அவர் தோட்டக்காரர். வெங்காயத்துக்கு யூரியா போடுகிற கை. இந்தச் சோதனை தொடங்கியதிலிருந்து அவர் மகளைத் தூக்கும்போதெல்லாம் கிணற்றுப் பக்கம் பார்ப்பார்.

"அப்ப என்ரை பசளை ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை" என்றார். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

மச்சாள் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஒழுங்கைக்கே போய்விட்டா. "எங்கடை அப்பா வெட்டின கிணறு. தங்கக் கிணறு. கம்பஸே எழுதித் தந்திட்டுது, பாருங்கோ!"

எனக்கு அப்போதுதான் அந்தக் குடம் ஞாபகம் வந்தது.

அந்தத் தாள் எங்கள் கிணற்றுக்கு உரியதல்ல. பிள்ளையாரின் கிணற்றுக்கு உரியது.

மற்றத் தாளை வாசித்தேன். பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சினால், சின்னக் குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் போகலாம், உதடும் நகமும் நீலம் பாயலாம் என்று இருந்தது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி. கொதிக்கவைப்பதால் இது போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

நான் ஓர் ஆசிரியை. பிரசவ லீவில் இருந்தேன். என் வகுப்பறைச் சுவரில் "கொதித்தாறிய நீரையே பருகுவோம்" என்று நானே வர்ணம் தீட்டி ஒட்டிய படம் ஒன்று இருக்கிறது. கிருமி பற்றிய பயத்தில் மகளின் தண்ணீரை ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் கொதிக்கவைத்தேன். ஒரு தரம் கொதித்து ஆறியதைத் திரும்பவும் அடுப்பில் வைப்பேன். "பிள்ளையின்ரை தண்ணியைச் சுண்டக் காய்ச்சிறாய்" என்று மச்சாள் பகிடி பண்ணுவா.

அன்று பின்னேரமே மகளின் பாலுக்குக் கோயிலடித் தண்ணீரை மாற்றிவிட்டேன். ஆனால் இவ்வளவு நாளும் குடித்தது? அவளை யன்னலடியில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். சின்ன நகங்கள். இளஞ்சிவப்பா, ஊதாவா? ஒரு நேரம் இப்படித் தெரிந்தது, ஒரு நேரம் அப்படித் தெரிந்தது. என் விரலோடு ஒப்பிட்டேன். மச்சாளின் விரலோடு ஒப்பிட்டேன்.

"என்னடி, பிள்ளைக்குக் கைரேகை பாக்கிறியோ?" என்றா மச்சாள்.

நான் நிரப்பிய இரண்டு படிவங்கள்

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாகவேண்டும். இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

நானும் அதே பல்கலைக்கழகத்தில்தான் புவியியல் படித்தேன். இறுதி ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டும். கீரிமலைப் பக்கம் மீளக் குடியேறிய வீடுகளுக்குப் போய்க் கேள்விப் படிவம் நிரப்பினேன். சைக்கிளில் போவேன். ஒரு ஒழுங்கையில் கடைசி இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு கறுத்த நாய். மூன்று நாள் முயன்று பார்த்தேன். மூன்று நாளும் துரத்தியது. நாலாம் நாள் விடுதியில் கட்டிலில் இருந்தபடியே அந்த இரண்டு படிவங்களையும் நானே நிரப்பினேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைப்போலக் கொஞ்சம் மாற்றி எழுதினேன். ஒரு வீட்டில் நாலு பேர், மற்றதில் ஐந்து பேர் என்று குடும்பங்களையும் உண்டாக்கினேன்.

ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நல்ல புள்ளி கிடைத்தது. மேலே ஆய்வு செய்யலாமே என்று விரிவுரையாளர் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டேன். வேலை கிடைத்தது, கலியாணம் என்று ஊருக்குக் காரணம் சொன்னேன். அந்த இரண்டு வீடுகளும் ஒரு காரணம்.

வேறொன்றும் உண்டு. எங்கள் ஊர்கள் படிவங்களால் களைத்துப்போனவை. இடம்பெயர்ந்து வந்தபோது கேட்டார்கள், திரும்பிப் போனபோது கேட்டார்கள். வந்து எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து என்ன கண்டோம் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் சொல்லவில்லை. என் கட்டுரை எந்த அலுமாரியில் இருக்கிறதோ. நிரோஜன் கடித உறையோடு திரும்பி வந்தபோது எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம்தான்.

வாளியோடு வந்தவள்

மகளின் தண்ணீரை மாற்றியாகிவிட்டது, இனிப் பேசாமல் இருக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. சொன்னால் அந்தப் பொடியனின் ஆய்வு பாழாகும், என் கணவருடைய நிம்மதி போகும், மச்சாள் ஒழுங்கை முழுக்கச் சொன்னது பொய்யாகும். இப்படி இரண்டு நாள் கழிந்தது.

மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அடுத்த வளவுச் சுகந்தி. அவளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பச்சை உடம்பு.

"அக்கா, உங்கடை கிணறு நல்லதெண்டு கம்பஸ் சொன்னதாம். வதனி மாமி காட்டினவ. எங்கடை கிணத்துக்கு இன்னும் முடிவு வரேல்லை. இவனுக்குப் பால் கரைக்க ஒரு வாளி எடுக்கட்டோ?"



"நீ ஏன் தூக்கிறாய்? விடு, நான் கொண்டுவாறன்" என்று வாளியை வாங்கினேன். அவள் போனதும் கிணற்றில் அள்ளாமல், குசினியிலிருந்து கோயிலடித் தண்ணீரை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாளும் கொடுத்தேன். அதற்கடுத்த நாளும். குடம் வெறுமையாக வெறுமையாக இவரைக் கோயிலடிக்கு ஓட்டினேன்.

"இஞ்சரும், நாங்கள் என்ன தேத்தண்ணிக் கடை வைச்சிருக்கிறமே?" என்றார் இவர்.

"ஊருக்குத் தண்ணி சுமக்கிறனெண்டு பிள்ளையாருக்கு நேர்த்தி போலை" என்றா மச்சாள்.

எத்தனை நாளைக்கு? ஒரு நாள் நான் இல்லாத நேரம் அவள் தானே வந்து அள்ளுவாள். அல்லது வேறொருத்தி வருவாள். நான் கட்டிலில் இருந்து உண்டாக்கிய குடும்பங்களை நம்பி ஒருவரும் ஒன்றும் குடிக்கவில்லை. இந்தத் தாளை நம்பி ஒரு குழந்தை குடிக்கப்போகிறது.

அன்று பகல் இவரிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"போய்ச் சொல்லும்" என்றார். "நீர் சொல்லாட்டி இனி எனக்குத் தோட்டத்துக்கை நிக்கேலாது."

பிழைக் கொப்பி

முடிவுத் தாளின் அடியில் ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் பின்னேரம் மூன்று மணிக்குக் கூடுகிறோம், சந்தேகம் உள்ளவர்கள் வரலாம். மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மகள் நித்திரையாகிவிட்டாள், எழுப்ப மனமில்லாமல் இருந்தேன்.

மேல்மாடியில் ஆய்வுகூடத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. கிறீச்சிடும் மின்விசிறி. மருந்து வாசமும் உழுந்து வடை வாசமும் கலந்திருந்தன. பத்துப் பேர் இருப்பார்கள். நிரோஜன் என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை தந்தான். நடுவில் இருந்தவர் பவானி மிஸ், இந்த ஆய்வை நடத்துகிற விரிவுரையாளர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசையில் தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ பிள்ளை. தாளிலை அந்த வரியைப் போட்டு எவ்வளவு காலம். வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். "ஆனா இஞ்சை ஒரு வழக்கம் இருக்கு. ஆர் வந்தாலும் முதல் தங்கடை பிழை ஒண்டைச் சொல்லவேணும். பிறகுதான் வடை."

மேசையில் தடித்த மட்டை போட்ட கொப்பி ஒன்று கிடந்தது. பிழைக் கொப்பி என்றார்கள். முன்பு ஒருவர் தன் ஆய்வில் வந்த தவறை ஒரு வருடம் மறைத்து வைத்திருந்தாராம். கெட்டவர் அல்ல, சொல்ல ஓர் இடம் இல்லாதவர். அதன்பிறகு பவானி மிஸ் தொடங்கிய வழக்கம் இது.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒரு மாணவி ஒரு பெட்டி நீர் மாதிரிகளைப் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிவிட்டாள், அது காங்கேசன்துறை வரை போய்த் திரும்பி வந்ததாம். சமூகவியல் துறையிலிருந்து வந்திருந்த குகன் என்பவர், முகவரி மாறி வேறொருவரை ஒரு மணித்தியாலம் நேர்கண்டிருக்கிறார்.

"பாதியிலை எனக்கு விளங்கீட்டுது, இவர் அவர் இல்லை எண்டு. ஆனா உள்ளை கணவாய்க்கறி கொதிக்கிற மணம். சாப்பிட்டு முடிஞ்சாப் பிறகுதான் சொன்னனான்."

சிரிப்பு அடங்க முதல் என் முறை வந்தது. எழுதி வைத்துப் பாடமாக்கி வந்த எல்லாம் மறந்துபோயிற்று. மச்சாளின் முழுக்கு, இரண்டு குடங்கள், சுகந்தியின் வாளி என்று தாறுமாறாகச் சொன்னேன்.

நிரோஜன் எழுந்தான். "மிஸ், அது என்ரை பிழை. நானே அள்ளியிருக்கவேணும். போத்தலைக் கையிலை குடுத்திட்டன்."

"இல்லைத் தம்பி, நான்தான்..."

"பொறுங்கோ ரெண்டு பேரும்" என்றார் பவானி மிஸ். "பிழைக்கு உரித்துக் கேட்டு அடிபடுறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

குகன் மட்டும் சிரிக்கவில்லை. "நிரோ, எத்தினை வீட்டிலை போத்தலைக் குடுத்தனி?"

நிரோஜன் விரலை மடித்தான். "ஆறு வீடு அண்ணை. ஒரு வீட்டிலை நாய். ஒரு வீட்டிலை கிணத்தடியிலை உடுப்புத் தோய்ச்சவை..."

"அந்த ஆறிலையும் கோயிலடித் தண்ணிதான் வந்திருக்கும். வந்த ஆளுக்கு எங்கடை ஆக்கள் வேறை என்ன தண்ணி குடுப்பினம்?"

பவானி மிஸ் கண்ணாடியைத் தலையிலிருந்து கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு கொப்பியைத் திறந்தார். எழுத எழுத வாசித்தார். "நாங்கள் விருந்தாளிகளாகப் போய்த் தண்ணீர் கேட்டோம். விருந்தாளிக்குக் கொடுக்கும் தண்ணீரைத் தந்தார்கள். ஆறு வீட்டு முடிவுகளையும் இன்றே மீளப்பெற வேண்டும்."

அவர் என் பெயரை எழுதுவார் என்று காத்திருந்தேன். பேனையை மூடிவிட்டார்.

"என்ரை பேர், மிஸ்?"

"உங்கடை பேருக்கு இதிலை என்ன வேலை? இது எங்கடை பிழை."

"அப்ப அக்கா இன்னும் பிழை சொல்லேல்லை" என்றார் குகன். "வடை இல்லை."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. இந்த அறையில் சொல்லாவிட்டால் வேறெங்கும் சொல்லமாட்டேன் என்று பட்டது. அந்தக் கறுத்த நாய், இரண்டு படிவங்கள், நான் உண்டாக்கிய நாலு பேரும் ஐந்து பேரும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பவானி மிஸ் என்னைப் பார்த்தார்.

"ரெண்டுதானோ?" என்றார்.

அறை வெடித்துச் சிரித்தது. சத்தத்தில் மகள் விழித்து அழுதாள். மிஸ் சிரிக்காமல் கொப்பியை என் பக்கம் தள்ளினார். "இதை நீங்களே எழுதுங்கோ. அது பிழைதான்." எழுதினேன். கீழே என் பெயரையும் போட்டேன். பிறகு வடை தின்றேன். இரண்டு.

நிறம்

அந்த அறையில் ஒரு குழந்தை வைத்தியரும் இருந்தார். மருத்துவபீடத்திலிருந்து இவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறவர். என்னிடம் ஒன்றும் கேட்காமல் மகளை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நான் நாட்கணக்காக யன்னலடியில் செய்ததையே அவரும் செய்தார். உதட்டைப் பார்த்தார், விரல்களை விரித்தார், பாதத்தை அழுத்தி விட்டார்.

"நிறம் நல்லாயிருக்கு. பிள்ளை துடிப்பா இருக்கிறா" என்றார். "உங்கடை மனதுக்காக நாளைக்குக் காலமை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ, இரத்தமும் பாத்திடுவம். ஆனா நகம் வெட்டுங்கோ. கன்னத்திலை பிறாண்டியிருக்கிறா, பாக்கேல்லையோ?"

உண்மைதான். இரு கன்னங்களிலும் மெல்லிய கோடுகள். இவ்வளவு நாளும் அந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவை வளர்ந்ததைக் காணவில்லை.

இரத்தம் எடுத்த அன்று பின்னேரம் தொலைபேசி வந்தது. கிணற்றடியில் பால் போத்தல்கள் கழுவிக்கொண்டிருந்தேன். "ஒரு பயமும் இல்லை, அம்மா" என்றது குரல். நான் அப்படியே கிணற்றுக் கட்டின்மேல் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ, காலடியில் தண்ணீர் ஓடியது.

"மோட்டரை நிப்பாட்டடி! தாங்கி நிரம்பி வழியுது!" என்று மச்சாள் கத்திக்கொண்டு ஓடிவந்தா. என் முகத்தைப் பார்த்ததும் தானே போய் நிற்பாட்டினா. பக்கத்தில் வந்து இருந்தா. அப்போதுதான் அவவுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எங்கடை கிணறு தங்கக் கிணறு இல்லையோ?" என்று கேட்டா, கடைசியில்.

"தெரியாது மச்சாள். திரும்ப வந்து பாக்கினமாம்."

ஆடை மிதந்த தேநீர்

அன்றே சுகந்தியிடமும் போய்ச் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டாள்.

"அக்கா, நீங்கள் என்னை அள்ள விடாமல் நீங்களே கொண்டுவந்து தந்தனீங்கள் எல்லோ. நான் என்ன நினைச்சன் தெரியுமே? உந்தக் கிணத்திலை எனக்குப் பங்கில்லை எண்டதைத்தான் சொல்லாமல் சொல்லுறியள் எண்டு நினைச்சன்."

எங்கள் பக்கத்தில் கிணற்றுப் பங்குக்காக வழக்குப் பேசியவர்கள் உண்டு. அவள் அப்படி நினைத்ததில் பிழையில்லை. என் பயத்துக்குள் நின்று பார்த்ததில் அவளுடைய மனது எனக்குத் தெரியவேயில்லை.

அடுத்த கிழமை பவானி மிஸ், குகன், நிரோஜன் மூன்று பேரும் வந்தார்கள். எத்தனை மணிக்கு வரலாம் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். மச்சாள் விடிய முதலே குளித்து, கிணற்றடியைக் கழுவி, நாயையும் கட்டிவிட்டு நின்றா.

"தம்பி, இண்டைக்கு நான் முழுகேல்லை. பயப்பிடாமல் வா" என்று நிரோஜனைக் கூப்பிட்டா. அவன் காது திரும்பவும் சிவந்தது. எங்கள் வாளியாலேயே அள்ளிப் போத்தலைக் கழுவி நிரப்பினான்.

நான் குசினிக்குள் போய்க் கோயிலடிக் குடத்தைத் திறந்தேன். பின்னால் பவானி மிஸ்ஸின் குரல்.

"எங்களுக்கு வீட்டுக் கிணத்துத் தண்ணியிலை போடுங்கோ."

"ருசி இராது மிஸ்" என்றா மச்சாள்.

"நீங்கள் தினம் குடிக்கிறதுதானே."

போட்டேன். ஆடை மிதந்தது. மூன்று பேரும் குடித்தார்கள். குகன் முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்த்து மச்சாள் வாய்விட்டுச் சிரித்தா. அந்தச் சிரிப்போடு மச்சாளுக்கும் கம்பஸுக்கும் இடையில் ஏதோ இளகிற்று.

முடிவைச் சொல்ல இந்தமுறை கடிதம் வரவில்லை, அவர்களே வந்தார்கள். எங்கள் கிணற்றில் நைத்திரேற்று அளவுக்கு மேல்தான் இருந்தது. கைக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது. கோயிலடிக் கிணற்றைத் தனியாகச் சோதித்திருந்தார்கள், அது நல்லது. மற்ற ஐந்து வீடுகளிலும் என் கதைதான் நடந்திருந்தது. ஒரு வீட்டில் போத்தலுக்குள் கடையில் வாங்கிய தண்ணீராம்.

இவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். "என்ரை பசளைதானே?" என்று கேட்டார்.

"உங்கடை மட்டும் இல்லை அண்ணை" என்றார் பவானி மிஸ். "சுத்துவட்டாரத் தோட்டம் எல்லாம், மலசலகூடக் குழியளும் சேர்ந்துதான். உங்களைக் குற்றம் சொல்ல வரேல்லை. அடுத்த போகத்துக்கு விவசாயபீடத்து ஆக்களோடை வாறம். கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் போட்டா வெங்காயத்துக்கும் நல்லது. நீங்கள் சொல்லுறதையும் அவை கேக்கவேணும்."

இவர் நிமிர்ந்து, அப்படியானால் எந்த நாளில் எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினார். பேச்சு வெயில் தாழும்வரை நீண்டது. இடையில் குகன் இவரிடம் பழைய கிணற்றுப் பங்கு உறுதிப் பத்திரங்களைப் பற்றி விசாரித்து எழுதிக்கொண்டார். நான் அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எழுத்து என்னிடம் திரும்பி வரும் என்று நம்பினேன். இதற்கு முன் அப்படி நம்பியதில்லை.

இப்போது சுகந்தி வீட்டுக்குக் கோயிலடித் தண்ணீர் கொண்டுபோவது மச்சாள். எவரும் கேட்கவில்லை. "தங்கக் கிணறு எண்டு சொல்லித் திரிஞ்ச வாய்க்குத் தண்டனை" என்கிறா. ஒழுங்கை முழுக்க இந்தக் கதையையும் அவதான் சொல்லித் திரிகிறா, தன் முழுக்கு உட்பட.

முடிவைச் சொல்ல வந்த அன்று அவர்கள் போனபிறகு மகளை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. பழக்கத்தில் அவள் விரல்களை விரித்தேன். அவள் என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, சின்னக் கத்தரிக்கோலால் பத்து நகங்களையும் வெட்டினேன். நிறம் பார்க்க மறந்துவிட்டேன் என்பது பத்தாவது நகம் விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.